நகக்கண்

அகதி முகாமில் நடிகைகள் நிற்கும் புகைப்படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. வெளிர்நிறப் பருத்திச் சட்டை, பின்னால் இழுத்துக் கட்டிய கூந்தல், ஒப்பனையே இல்லை என்று தோன்றவைக்கும் ஒப்பனை, மடியில் மூக்கொழுகும் ஒரு குழந்தை. படத்தின் கீழே நடிகையின் பெயர் இருக்கும். குழந்தையின் பெயர் இருக்காது. அந்தப் படம் எடுக்கப்படாமல் போயிருந்தால் அப்படியொரு முகாம் இருப்பதே நமக்குத் தெரிந்திருக்காது, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இருந்தாலும் பார்வை என்னவோ எப்போதும் ஒரே வழியில்தான் போகிறது. நடிகை அகதியைப் பார்க்கிறார், நாம் நடிகையைப் பார்க்கிறோம். அந்த அகதி எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

கேட்காமலேயே அது தெரிந்துபோன சம்பவம் ஒன்று உண்டு.

1975 ஏப்ரல் 30 அன்று தென்வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்தது. அந்த ஆண்டுக்குள் ஏறத்தாழ 1,30,000 பேர், பெரும்பாலும் வியட்நாமியர், அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கலிபோர்னியாவில் கேம்ப் பெண்டில்டன், ஆர்க்கன்சாவில் ஃபோர்ட் சாஃபி, ஃப்ளோரிடாவில் எக்ளின், பென்சில்வேனியாவில் இண்டியன்டவுன் கேப் என்று நான்கு ராணுவத் தளங்களில் அவர்களைத் தங்கவைத்தார்கள். அமெரிக்கர்கள் கைநீட்டி வரவேற்றார்கள் என்று இன்று சொல்லிக்கொள்வது அவ்வளவும் கதை. அன்றைய கருத்துக்கணிப்பில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். கலிபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுனே, இருக்கிறவர்களுக்கே வேலை இல்லாதபோது இவர்கள் எதற்கு என்று எதிர்த்தார். முகாமை விட்டு வெளியேற வேண்டுமானால் ஒரு குடும்பமோ ஒரு தேவாலயமோ ‘இவர்களுக்கு நாங்கள் பொறுப்பு’ என்று முன்வர வேண்டும். அப்படி யாராவது வருவார்களா என்று காத்திருப்பதுதான் முகாமில் இருப்பவர்களின் முழுநேர வேலை.

அரசு முகாம்கள் தவிர, தொண்டு நிறுவனங்கள் நடத்திய இடங்களும் இருந்தன. சாக்ரமெண்டோவுக்கு வடகிழக்கே, சியரா நெவாடா மலையடிவாரத்தில் வைமார் என்று ஒரு சிற்றூர். அங்கே பழைய காசநோய் சானடோரியம் ஒன்றின் கட்டடங்கள் கிடந்தன. ‘ஃபுட் ஃபார் தி ஹங்கிரி’ என்ற கிறித்தவ நிவாரண அமைப்பு அதை எடுத்து ‘ஹோப் வில்லேஜ்’ என்று பெயர் வைத்து அகதிக் குடும்பங்களைக் குடியமர்த்தியது. அந்த அமைப்பின் நிவாரணப் பணிகளை ஒருங்கிணைத்தவர்களில் ஒருவர் டிப்பி ஹெட்ரன். ஹிட்ச்காக்கின் ‘தி பேர்ட்ஸ்’ படத்தின் நாயகி.

அப்போது அவருக்கு வயது 45. நட்சத்திர அந்தஸ்து ஏற்கெனவே பழங்கதையாகிவிட்டிருந்தது. 1961இல் ஒரு தொலைக்காட்சி விளம்பரத்தில் அவரைப் பார்த்த ஹிட்ச்காக், நடிப்பனுபவம் இல்லாத அந்த மாடலை நேராகக் கதாநாயகி ஆக்கினார். 1963இல் ‘தி பேர்ட்ஸ்’, அடுத்த ஆண்டு ‘மார்னி’. அதோடு சரி. ‘தி பேர்ட்ஸ்’ படத்தின் பரண் அறைக் காட்சியில் இயந்திரப் பறவைகள்தான் என்று சொல்லிவிட்டு, நாள்கணக்கில் உயிருள்ள பறவைகளை அவர் மேல் வீசவைத்தார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பறவை கீறியது. ஹெட்ரன் சோர்ந்து விழுந்தபின், ஓய்வு தேவை என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருந்தது. இயக்குநரின் அத்துமீறல்களைத் தான் மறுத்ததாகவும், ‘உன் தொழிலை அழித்துவிடுவேன்’ என்ற பொருளில் அவர் மிரட்டியதாகவும் ஹெட்ரன் பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார், 2016இல் வந்த தன்வரலாற்றிலும் எழுதினார். ஹிட்ச்காக் அவரை ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கவில்லை. வாரம் 600 டாலர் கொடுத்து, வேறு படம் எதிலும் நடிக்கவிடாமல் உட்காரவைத்தார் என்பது அவர் சொன்ன கணக்கு. வாய்ப்புத் தேடி வந்தவர்களுக்கு, அவர் கிடைக்கமாட்டார் என்ற பதில் போய்க்கொண்டிருந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், வைமாரில் அவர் செய்த காரியத்துக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக எனக்குப் படுகிறது. அவர் அப்படிச் சொன்னதாக நான் எங்கும் படித்ததில்லை, இது என் ஊகம்தான். அழகும் பெயரும் இருந்தும் பிழைப்பின் சாவி இன்னொருவர் கையில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று அனுபவித்தவர் அவர். அப்படிப்பட்டவர் ஓர் அகதிப் பெண்ணைப் பார்க்கும்போது ‘ஐயோ பாவம்’ என்பதற்கு முன்னால் ‘இவள் கைவசம் என்ன தொழில் இருக்கிறது’ என்ற கேள்வி எழுவது இயல்பு. இரக்கப்படும் பலருக்கு அது எழுவதில்லை.

கேள்வி எழுந்தது, விடை தெரியவில்லை. தையல் சொல்லித்தர ஆள் கொண்டுவந்தார், தட்டச்சு சொல்லித்தர ஆள் கொண்டுவந்தார். பெண்கள் என்றால் தையல், தட்டச்சு என்று உலகம் முழுக்க நிவாரணக்காரர்களுக்கு ஒரே புத்திதான். வகுப்புகள் நடந்தன. ஆனால் பெண்களின் கண் வேறு எங்கோ இருந்தது. ஹெட்ரனின் நீளமான, பவழநிறம் பூசிய நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பேசும்போது கையை, காகிதத்தைப் புரட்டும்போது விரலை. நாட்டை இழந்து, வீட்டை இழந்து, அடுத்த மாதம் எந்த ஊரில் இருப்போம் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஒரு நடிகையின் நகத்தை ரசிக்கிறார்கள். ஒழுக்கம் பார்க்கும் ஓர் உபகாரி அங்கே இருந்திருந்தால் முகம் சுளித்திருப்பார். கூச்சப்படும் உபகாரி மறுநாள் நகத்தை வெட்டிக்கொண்டு வந்திருப்பார்.

ஹெட்ரன் தனக்கு நகம் பூசிவிடும் பெண்ணையே முகாமுக்கு அழைத்து வந்தார். அந்தப் பெண் வாரந்தோறும் வந்து, இருபது வியட்நாமியப் பெண்களுக்குத் தன் தொழிலைக் கற்றுக்கொடுத்தார்.

அந்தத் தொழில் என்ன என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். விரிசல் விட்ட நகம் ஒன்று வருகிறது. பழைய சாயத்தை அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தெடுக்க வேண்டும். நகக்கண்ணைச் சுற்றியுள்ள தோலை வெந்நீரில் ஊறவைத்து, மரக்குச்சியால் மெல்லப் பின்னுக்குத் தள்ள வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் ரத்தம் வந்துவிடும், பிறகு அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார். மெல்லிய பட்டுத்துணியை நகத்தின் வடிவத்துக்கு வெட்டி, விரிசலின் மேல் பசையால் ஒட்டி, சுருக்கம் இல்லாமல் நீவி, அதன் மேல் மறுபடி பசை தடவி, காய்ந்தபின் துணியின் இழை தெரியாத அளவுக்கு அரத்தால் தேய்க்க வேண்டும். அப்புறம்தான் சாயம். அடிப்பூச்சு, நிறம் இரண்டு முறை, மேற்பூச்சு. அரிசி அகலத்துக்குள் இவ்வளவும் நடக்கிறது. இதற்கு நல்ல கண் வேண்டும், நடுங்காத கை வேண்டும், குனிந்த தலை நிமிராமல் முக்கால் மணி நேரம் உட்காரும் பொறுமை வேண்டும். ஆங்கிலம் அவ்வளவாக வேண்டியதில்லை. தட்டச்சுக்கு ஆங்கிலம் வேண்டும், கடையில் சாமான் விற்க ஆங்கிலம் வேண்டும். இதற்கு வணக்கமும், எந்த நிறம் என்ற கேள்வியும், நன்றியும் தெரிந்தால் கடையைத் திறந்துவிடலாம். அகதிக்குப் பொருத்தமான தொழில் என்று யாரோ ஆராய்ந்து கண்டுபிடித்தது போல இருக்கிறது. யாரும் ஆராயவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், நம் ஊரில் இருந்துகொண்டு இதை எழுதுகிறவன் அதைத் தாண்டிப் போக முடியாது. 1975இல் வெளியேறிய முதல் அலையில் வந்தவர்களில் பலர் படித்த நகரத்துக் குடும்பத்தினர், ராணுவ அதிகாரிகளின் வீட்டார், அரசு ஊழியர்கள். சைகோனில் தங்களுக்கு நகம் வெட்டிவிட ஆள் வைத்திருக்கக்கூடியவர்கள். அவர்கள் முன்பின் தெரியாத ஒருவரின் காலை மடியில் எடுத்துவைத்துத் துடைக்க வேண்டும். பின்னால் அவர்களின் கணவர்களும் அந்த முக்காலியில் உட்கார்ந்தார்கள், அவர்களில் முன்னாள் படைவீரர்களும் உண்டு. யார் யாருடைய காலைத் தொடலாம் என்பதை வைத்தே மனிதர்களை அடுக்கிவைத்த சமூகத்தில் வளர்ந்த நமக்கு, அந்த உட்காருதல் எவ்வளவு பெரிய இறக்கம் என்று புரியும். அமெரிக்காவில் அந்த வேலைக்குச் சாதிப் பெயர் கிடையாது, உரிமம் உண்டு. இறக்கத்தின் வலியை அது போக்கிவிட்டது என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்தக் காலைத் துடைத்த கையில் மாலையில் பணம் இருந்தது. அடுத்த தலைமுறையை மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் அனுப்பிய பணத்தில் அதற்கும் பங்குண்டு.

சாக்ரமெண்டோ பக்கத்து அழகுக்கலைப் பள்ளி ஒன்று முறையான பயிற்சியைக் கொடுத்தது. இருபது பேரும் தேர்வு எழுதி உரிமம் பெற்றார்கள். தென்கலிபோர்னியாவில் அவர்களுக்கு வேலை தேடித்தந்ததிலும் ஹெட்ரனுக்குப் பங்கு உண்டு. இதுதான் சம்பவம். இவ்வளவுதான் சம்பவம் என்றும் சொல்லலாம்.

(இடையில் ஒன்று. இதே எழுபதுகளில் ஹெட்ரன் தன் வீட்டில் சிங்கம் வளர்த்துக்கொண்டிருந்தார். கணவர் நோயல் மார்ஷலோடு சேர்ந்து டஜன்கணக்கான சிங்கம் புலிகளை வைத்து ‘ரோர்’ என்று ஒரு படம் எடுத்தார். ஒளிப்பதிவாளர் யான் டி போண்டின் தலைத்தோலைச் சிங்கம் உரித்தது, மகள் மெலனி கிரிஃபித்தின் முகத்தில் தையல் போட வேண்டிவந்தது. 1981இல் வெளியான அந்தப் படம் பணத்தையும் விழுங்கியது. ஆகவே எதையும் தீர யோசித்துச் செய்யும் மகான் என்று அவரை யாரும் வழிபட வேண்டியதில்லை. மனசுக்குப் பட்டதைச் செய்கிறவர். ஒரு முறை அது இருபது குடும்பங்களுக்குச் சோறானது, இன்னொரு முறை சொந்த மகளின் முகத்தில் தையலானது.)

அந்த இருபது பேர் தங்கைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், தங்கை நாத்தனாருக்கு, நாத்தனார் பக்கத்து வீட்டுக்கு. எழுபதுகளின் பிற்பகுதியில் வியட்நாமிலிருந்து படகுகள் புறப்பட்டன. அடுத்த இருபது ஆண்டுகளில் எட்டு லட்சம் பேர் அளவில் கடல்வழியாக அயல்நாட்டுக் கரைகளைத் தொட்டார்கள். மூழ்கியவர்களின் கணக்கு துல்லியமாக யாரிடமும் இல்லை. கரை தொட்டவர்களில் அமெரிக்கா வந்து சேர்ந்த பலருக்கு முதல் மாதமே ஓர் உறவுக்காரரின் நகக் கடையில் ஒரு முக்காலி காத்திருந்தது. அதுவரை ஹாலிவுட் பெண்களின் ஐம்பது டாலர் சுகமாக இருந்த மெனிக்யூர், இருபது டாலருக்கு இறங்கியது. சூப்பர் மார்க்கெட் காசாளரும் செவிலியரும் சனிக்கிழமை மாலை நகம் பூசிக்கொள்ளும் ஊராக அமெரிக்கா மாறியது. 2015 வாக்கில் அமெரிக்க நகத் தொழிலாளர்களில் பாதிப்பேர் வியட்நாமிய வம்சாவளியினர், கலிபோர்னியாவில் 80 சதவீதம். ஆண்டுக்குப் பல நூறு கோடி டாலர் புரளும் தொழில்.

பத்திரிகைகள் இந்தக் கதையைக் கண்டுபிடித்தது மிகவும் பின்னால்தான். கண்டுபிடித்ததும் தலைப்பு தானாக அமைந்துவிட்டது. வியட்நாமிய நகத் தொழிலின் ஞானத்தாய் டிப்பி ஹெட்ரன். விருதுகள் வந்தன, நகக்கலை மாணவர்களுக்கு அவர் பெயரில் ஓர் உதவித்தொகையும் ஏற்பட்டது. அவர் தகுதியானவர்தான், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் ஒரு வெள்ளைக்கார நடிகை, இருபது ஏழைப் பெண்கள், ஒரு பவழநிற நகம், அதிலிருந்து ஒரு சாம்ராஜ்யம் என்று சொல்லும்போது அந்தக் கதை மறுபடியும் முதலில் சொன்ன புகைப்படமாகிவிடுகிறது. நடிகைக்கு மட்டும் பெயர் இருக்கிறது.

சாம்ராஜ்யம் வளர்ந்த வழியே வேறு. லாஸ் ஏஞ்சலீஸின் தெற்குப் பகுதியில், கறுப்பின மக்கள் வாழும் தெருக்களில், ஆலிவெட் ராபின்சன் என்ற கறுப்பினப் பெண்ணும் சார்லி வோ என்ற வியட்நாமிய அகதியும் கூட்டாக ‘மேன்டிராப்’ என்ற பெயரில் நகக் கடைகளை நடத்தினார்கள். நீண்ட அக்ரிலிக் நகங்களும் அவற்றின் மேல் தீட்டிய சித்திரங்களும் கறுப்பினப் பெண்களின் ரசனையில் செழித்தவை. அந்த வாடிக்கையாளர்களும் அவர்களின் ரசனையும் இல்லாமல் இந்தத் தொழில் இவ்வளவு பரவியிருக்காது. அடெல் ஃப்ரீ பாம் 2019இல் எடுத்த ‘நெயில்ட் இட்’ ஆவணப்படம் இந்தப் பக்கத்தை வெளியே கொண்டுவந்தது. போரில் தோற்று வந்த ஓர் ஆசிய இனமும், அந்த நாட்டிலேயே நூற்றாண்டுகளாகத் தோற்கடிக்கப்பட்டுவந்த ஓர் இனமும் ஒரு சிறு மேசையின் இரு பக்கம் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். சண்டையும் சந்தேகமும் அந்த மேசையில் இருந்தன, வியாபாரமும் இருந்தது. ஹோப் வில்லேஜைவிட எனக்கு இது பெரிய கதையாகத் தெரிகிறது. நட்சத்திரம் இல்லாததால் சுருக்கமாகச் சொல்லப்படுகிறது.

அந்தத் தொழிலில் நோயும் உண்டு. டொலுயீன், ஃபார்மால்டிஹைட், டைபியூட்டைல் தாலேட் என்ற மூன்றும் நகப்பூச்சில் இருந்த ‘நச்சு மூவர்’. காற்றோட்டமில்லாத கடையில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் அதை மூச்சில் இழுப்பவருக்குத் தலைவலி, மூச்சிரைப்பு, தோல் வெடிப்பு. கருவுற்றிருக்கும் பெண்ணும் அதே காற்றைத்தான் இழுக்க வேண்டும். 2005இல் கலிபோர்னியாவில் இந்தத் தொழிலாளர்களுக்காகவே ஒரு கூட்டமைப்பு உருவாகி, நச்சைக் குறைக்கும் கடைகளுக்கு அங்கீகாரம் வாங்கித்தரப் போராடியது. 2015 மே மாதம் ‘நியூயார்க் டைம்ஸ்’ நியூயார்க் நகக் கடைகளில் கூலி பிடித்துவைப்பதையும், கூலியே தராமல் வேலை வாங்குவதையும் அம்பலப்படுத்தியது. அந்தக் கடைகளில் அதிகம் வேலை செய்தவர்கள் கொரிய, சீன, நேபாளப் பெண்கள். விலை இருபது டாலருக்கு இறங்கியபோது மிச்சம் யார் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டது என்று அப்போதுதான் பலர் யோசித்தார்கள். இதற்கெல்லாம் ஹெட்ரனைக் குற்றம் சொல்ல முடியாது. வெற்றிக்கு அவரை மட்டும் காரணம் சொல்பவர்கள் இந்தப் பக்கம் வரும்போது மட்டும் அவரை விட்டுவிடுகிறார்கள், அது வேடிக்கை.

திரைக்கலைஞர்கள் அகதிகளுக்காகப் பேசுவது புதிதல்ல. ஐ.நா. 1959இல் உலக அகதிகள் ஆண்டைத் தொடங்கியபோது யூல் பிரின்னர் முகாம் முகாமாகப் போய், 1960இல் அகதிக் குழந்தைகள் பற்றி ஒரு நூலே எழுதினார். புகைப்படக் கலைஞர் இங்கெ மொராத் அதற்குப் படம் எடுத்தார். ஏஞ்சலினா ஜோலி 2001 ஆகஸ்டில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் நல்லெண்ணத் தூதராகி, 2012இல் சிறப்புத் தூதராகி, 2022 டிசம்பரில் விலகினார். அறுபதுக்கும் மேற்பட்ட களப்பயணங்கள். போர்நிறுத்தம் நிலவிய 2003 ஏப்ரலில் இலங்கைக்கும் வந்துபோனார். ஜோலியைக் கிண்டல் செய்வது எளிது, நான் அந்த வரிசையில் இல்லை. இருபது ஆண்டுகள் ஒரு வேலையைச் செய்கிறவரை விளம்பரத்துக்குச் செய்கிறார் என்று சொல்வதற்குத் தனி அலட்சியம் வேண்டும். அவர் செய்தது அரசுகளின் காதைத் திருகும் வேலை. நாடாளுமன்றக் குழுக்களின் முன்பும் பாதுகாப்பு அவையிலும் போய்ப் பேசினார். காதைத் திருகினால் எல்லா அரசுக்கும் வலிப்பதில்லை என்பதும் அந்த இருபது ஆண்டுகளில் தெரிந்தது. அவர் தொடங்கியபோது இருந்ததைவிட மிக அதிகமான மக்கள் அவர் விலகியபோது இடம்பெயர்ந்திருந்தார்கள்.

ஹெட்ரன் செய்தது வேறு மாதிரி வேலை, மிகச் சின்ன வேலை. அதனால்தான் அதைத் தனியாக எடுத்துப் பார்க்க முடிகிறது. பார்த்தால், அந்தச் சின்ன வேலை நின்றது அவர் மனத்தின் மேல் மட்டும் இல்லை என்று தெரிகிறது. 1975 மே மாதத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் இந்தோசீன அகதிகளுக்கான சட்டத்தை இயற்றிப் பணம் ஒதுக்கியது. அந்த மக்களுக்கு வேலை செய்யும் உரிமை இருந்தது. ஊர் மாறிப் போகலாம், கடை பிடிக்கலாம், தேர்வு எழுதலாம். ஆண்டு முடிவதற்குள் நான்கு ராணுவ முகாம்களும் காலி. இவ்வளவும் இல்லாமல் இருந்திருந்தால், பட்டுத்துணி ஒட்டக் கற்ற இருபது பெண்களும் அந்தச் சானடோரியத்துக்குள் ஒருவர் நகத்தை ஒருவர் அழகுபடுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எத்தனையோ நாடுகளின் முகாம்களில் தொழிற்பயிற்சி என்ற பெயரில் நடப்பது அதுதான். சான்றிதழ் கொடுப்பார்கள், அதைக் கொண்டு வேலை செய்யச் சட்டம் விடாது.

கலிபோர்னியாவில் நகத் தொழிலாளி உரிமத்துக்கு 400 மணி நேரப் பயிற்சி வேண்டும், பிறகு தேர்வு. நோய்த்தொற்று, ரசாயனம், தோல் பற்றியெல்லாம் எழுத வேண்டும். கை தேர்ந்த எத்தனையோ பேர் அந்த ஆங்கிலக் கேள்வித்தாளில் இடறி விழுந்தார்கள். 1990களில் அந்தத் தேர்வை வியட்நாமிய மொழியிலேயே எழுதலாம் என்று மாநில அரசு அனுமதித்தது. படம் எடுத்து மாட்ட முடியாத முடிவு இது. ஹாலிவுட்டிலிருந்து யாரும் அதற்கு வரவில்லை. ஹெட்ரன் திறந்த கதவு இருபது பேருக்கானது என்றால், ஆயிரக்கணக்கானோர் உள்ளே வந்தது அந்தக் கேள்வித்தாள் வழியாக.

ஹெட்ரனைப் பாராட்டி அடுத்த முறை யாராவது எழுதினால், அதே பத்தியில் ஆலிவெட் ராபின்சன், சார்லி வோ என்ற பெயர்களையும் எழுதட்டும். அந்தக் கேள்வித்தாளை மொழிபெயர்க்க உத்தரவு போட்ட அலுவலகத்துக்கும் ஒரு வரி ஒதுக்கட்டும்.